கொழுத்த சுண்டெலிக்குக் கல்லீரலில் ஏன் தழும்பு விழுவதில்லை?

கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன்களும் கல்லீரல் சேதமும் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். பதில்களில் 'சுண்டெலி' என்றால் ஆய்வகத்து மவுஸ், 'எலி' என்றால் ரேட். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும்.

கேள்வி: ஓபி/ஓபி சுண்டெலிக்கு வளரும்போதே கல்லீரலில் கொழுப்பு. கொழுப்பேறிய கல்லீரல் நாளடைவில் தழும்பேறும் என்று படிக்கிறோம். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற கல்லீரல் நச்சைக் கொடுத்தும் தழும்பு விழவில்லை என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். அச்சுப் பிழையா?
(மருந்தியல் முதுகலை மாணவர், திருச்சி)

அச்சுப் பிழை அல்ல. இந்தத் துறையின் சுவையான முடிச்சே அதுதான்.

ஓபி/ஓபி என்பது 1949இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் தானாகத் தோன்றிய பிறழ்வு. சாதாரணச் சுண்டெலி 25 முதல் 30 கிராம் இருக்கும்போது இது 60 கிராமைத் தொடும். 1966இல் அதே ஆய்வகத்திலிருந்து டிபி/டிபி வந்தது. அதே பருமன், கூடவே நீரிழிவு. டக்ளஸ் கோல்மன் இரண்டு விலங்குகளை விலாவோடு விலா சேர்த்துத் தைத்து, ஒன்றின் இரத்தம் மற்றதற்குப் போகும்படி செய்தார். டிபியோடு தைக்கப்பட்ட சாதாரணச் சுண்டெலி தின்பதை நிறுத்திப் பட்டினியில் செத்தது. சாதாரணத்தோடு தைக்கப்பட்ட ஓபி அளவாகத் தின்னத் தொடங்கியது. பசியை அடக்கும் செய்தியைக் கேட்க ஓபிக்குக் காது உண்டு, சொல்ல வாய் இல்லை. டிபிக்கு வாய் உண்டு, காது இல்லை. அந்தப் பேச்சு எதுவென்று 1994இல் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு ஜீனைப் பிரித்தபோது தெரிந்தது. அதுதான் லெப்டின். இரத்தத்தில் சுற்றும் வடிவில் 146 அமினோ அமிலம், 16 கிலோடால்டன். ஓபியில் 105ஆம் இடத்து அர்ஜினின் குறி நிறுத்தக் குறியாக மாறியிருப்பதால் புரதம் முழுமையாவதில்லை.

இனி உங்கள் முடிச்சு. கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலின் சிப்2ஈ1 நொதியால் உடைந்து நச்சு மூலக்கூறாகி, மையச் சிரையைச் சுற்றியுள்ள செல்களைக் கொல்கிறது. இதற்கு லெப்டின் தேவையில்லை. ஓபியிலும் செல்கள் சாகத்தான் செய்கின்றன. அடுத்த கட்டம்தான் நிற்கிறது. தழும்பு போடுவது ஸ்டெல்லேட் செல். அது விழித்துக்கொண்டு கொலாஜன் நெய்ய வேண்டுமானால் டிஜிஎஃப்-பீட்டா1 என்ற கட்டளை வேண்டும். லெப்டின் கல்லீரலின் விழுங்கு செல்களான குப்ஃபர் செல்களையும், சைனுசாய்டு என்ற நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்ச் செல்களையும் தூண்டி அந்தக் கட்டளையைக் கூட்டுகிறது. விழித்த ஸ்டெல்லேட் செல்லிலும் லெப்டின் ஏற்பி இருக்கிறது. கொலாஜனைக் கரைக்கும் நொதிகளுக்குப் பூட்டுப் போடும் டிம்ப்-1 புரதத்தையும் லெப்டின் உயர்த்துகிறது. நெசவும் கூடுகிறது, நெய்தது கரையாமலும் இருக்கிறது. 2002இல் வெளியான ஆய்வுகளில் ஓபி சுண்டெலிக்கு வெளியிலிருந்து லெப்டினை ஊசியில் கொடுத்ததும் தழும்பு திரும்பி வந்தது. அதே ஆண்டு, லெப்டின் ஏற்பி பழுதான ஸக்கர் எலிக்குத் தயோஅசெட்டமைடு என்ற இன்னொரு கல்லீரல் நச்சைக் கொடுத்தவர்களும் தழும்பு மிகக் குறைவாகவே விழுவதைக் கண்டார்கள்.

ஒரு கண்ணியை மட்டும் கவனியுங்கள். லெப்டின் கொடுத்தால் ஓபி தின்பதைக் குறைக்கும், எடை இறங்கும், கல்லீரல் கொழுப்பும் இறங்கும். தழும்பு வந்தது லெப்டினாலா, எடை இறங்கியதாலா? இதைப் பிரிக்க ஒரே வழி, லெப்டின் பெறாத இன்னொரு ஓபி கூட்டத்துக்கு, லெப்டின் பெற்ற கூட்டம் முந்தின நாள் தின்ற அளவையே எடைபோட்டு வைப்பது. இந்தக் குழு இல்லாத கட்டுரையை நாங்கள் பாதிக் கட்டுரை என்றுதான் எண்ணுவோம்.

கேள்வி: அப்படியானால் லெப்டின் கல்லீரலுக்கு எதிரி என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடலாமா?
(விலங்கியல் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்)

வேண்டாம், அம்மா. எந்த விலங்கு, எந்தக் காயம் என்ற இரண்டும் சொல்லாமல் 'நல்லது', 'கெட்டது' என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. ஒரே ஓபி சுண்டெலியை மூன்று காயங்களுக்கு உட்படுத்திப் பாருங்கள்.

முதலாவது கான்கனவாலின் ஏ, சுருக்கமாகக் கான்-ஏ. ஒருவகை வாளவரை விதையிலிருந்து எடுக்கும் லெக்டின் புரதம். வால் சிரையில் கிலோவுக்கு 10 முதல் 20 மி.கி. ஏற்றினால் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் வெறிகொண்டு கல்லீரலைத் தாக்கும். 8 முதல் 24 மணிக்குள் இரத்தத்தில் ஏ.எல்.டி. (காயப்பட்ட கல்லீரல் செல்லிலிருந்து கசியும் நொதி) உச்சத்துக்குப் போகும். ஓபி சுண்டெலி இதில் தப்பித்துவிடுகிறது. லெப்டின் இல்லாமல், டி செல்கள் முதிரும் அதன் தைமஸ் சுரப்பி சிறுத்திருக்கிறது, கல்லீரலில் என்.கே.டி. என்ற வகை டி செல்கள் குறைவு, அழற்சியைக் கூட்டும் டி.என்.எஃப். சுரப்பும் குறைவு. அடிக்க ஆள் இல்லாத ஊரில் கலவரம் நடக்காது.

இரண்டாவது எல்.பி.எஸ்., அதாவது குடல் பாக்டீரியாவின் மேலுறை நச்சு. சாதாரணச் சுண்டெலி தாங்கிக்கொள்ளும் அளவு ஓபிக்கும் ஸக்கர் எலிக்கும் கல்லீரலைச் சிதைத்துவிடுகிறது. 1997இலேயே வந்த முடிவு இது. நச்சை விழுங்கித் துப்புரவு செய்ய வேண்டிய குப்ஃபர் செல்கள் அங்கே மந்தம். முன்கூட்டியே லெப்டின் கொடுத்தால் தாங்கும் திறன் ஓரளவு திரும்புகிறது.

மூன்றாவது, முதல் பதிலில் சொன்ன நாட்பட்ட நச்சு. அதில் செல் சாகும், தழும்பு விழாது.

ஒரே குறைபாடு ஒன்றில் கவசம், ஒன்றில் பலவீனம், ஒன்றில் இரண்டும் கலந்தது. மாணவர்களுக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: லெப்டின் என்பது 'சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது, செலவு செய்யலாம்' என்று உடல் முழுவதற்கும் போகும் தகவல். அழற்சி, தழும்பு, மறுவளர்ச்சி எல்லாமே ஆற்றலைத் தின்னும் வேலைகள். தகவல் வராதபோது இவையெல்லாம் தடுமாறுகின்றன. கல்லீரலில் 70 விழுக்காட்டை வெட்டி எடுக்கும் சோதனையில் சாதாரணச் சுண்டெலி 7 முதல் 10 நாளில் எடையை மீட்டுக்கொள்ளும். ஓபி அதிலும் பின்தங்குகிறது.

கேள்வி: ஓபி சுண்டெலிக்கும் அதன் ஒல்லி உடன்பிறப்புக்கும் மருந்தளவை எப்படிக் கணக்கிடுவது? கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் கொழுத்தது செத்துப்போகிறது.
(ஆய்வு மாணவி, சென்னை)

முதலில் 'மில்லி' எதன் மில்லி என்று எழுதி வையுங்கள். கார்பன் டெட்ராகுளோரைடு கிலோவுக்கு 0.5 மி.லி. என்றால் அது சுத்த திரவத்தின் அளவு. ஆலிவ் எண்ணெயில் 10 விழுக்காடாகக் கலந்திருந்தால் ஊசியில் ஏற வேண்டியது கிலோவுக்கு 5 மி.லி. கலவை. 25 கிராம் சுண்டெலிக்கு 0.125 மி.லி., 60 கிராம் ஓபிக்கு 0.3 மி.லி. இந்த இடத்தில் தசமப் புள்ளி தவறியே பல கூண்டுகள் காலியாகியிருக்கின்றன. கலவையைக் கண்ணாடிக் குப்பியில், புகைபோக்கிக் கூண்டுக்குள், அன்றன்றைக்குக் கலக்கவும். பாலிஸ்டைரீன் குழாயை இந்தத் திரவம் கரைத்துவிடும். கரைந்த பிளாஸ்டிக்கும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும்.

அடுத்தது, ஓபியின் கூடுதல் 35 கிராமில் பெரும்பகுதி கொழுப்பு. கொழுப்பில் கரையும் நச்சு அங்கே தேங்கி, மெதுவாக வெளியே கசியும். அதனால் ஒல்லியிலும் ஓபியிலும் நச்சு கல்லீரலைத் தொடும் வேகமும் நேரமும் ஒன்றாக இருக்காது. இதற்கு மந்திர எண் எதுவும் இல்லை. நாங்கள் சொல்வது, முதலில் சிறு குழுவில் 6, 24, 48 மணிக்கு ஏ.எல்.டி.யையும் செல் சாவையும் பார்த்து, தொடக்கக் காயம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக வரும் அளவைக் கண்டுபிடியுங்கள். சிப்2ஈ1 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொடக்கக் காயமே சமமில்லை என்றால், ஆறாம் வாரத்தில் தழும்பை ஒப்பிடுவது வீண்.

பாரசிட்டமால் என்றால் சிக்கல் வேறு. வழக்கமான அளவு கிலோவுக்கு 300 மி.கி. மருந்து தண்ணீரில் லேசில் கரையாது. உப்புக் கரைசலில் மி.லி.க்கு 15 மி.கி. வீதம் சூடாக்கிக் கரைத்து, உடல் வெப்பத்துக்கு ஆறவிட்டு, கிலோவுக்கு 20 மி.லி. வயிற்றறைக்குள் கொடுப்பார்கள். இன்னும் ஆறவிட்டால் படிகம் விழும். தெளிவாகத் தெரிகிற மேல்நீரைக் கொடுத்தால் அளவு குறையும். கரையவில்லையே என்று டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானைச் சேர்க்காதீர்கள். அது சிப்2ஈ1 நொதியையே தடுத்து, உங்கள் மருந்து காப்பாற்றியது போலக் காட்டும். நச்சை முறிக்கும் குளுட்டாதயோன் கல்லீரலில் குறைய இரவு முழுக்கப் பட்டினி போடுவது வழக்கம். இங்கேதான் ஓபி ஆய்வு கெடுகிறது. பட்டினியில் ஒல்லிச் சுண்டெலியின் லெப்டின் வெகுவாக இறங்கிவிடும். உங்கள் 'சாதாரண' குழுவே அரைகுறை லெப்டின் குறைபாட்டுக் குழுவாகிவிடும். ஓபியோ உடல் குளிர்ந்து மயங்கிக் கிடக்கும். குளிர்ந்த உடலில் நச்சின் வேலையும் மந்தம். மலக்குடல் வெப்பமானி ஒன்று வாங்கி, ஊசிக்கு முன்னும் பின்னும் வெப்பத்தைக் குறியுங்கள். செலவு குறைவு, தெளிவு அதிகம்.

கருஞ்சுண்டெலி வகையான சி57 பிளாக் 6இல் 'ஜே', 'என்' என்று இரு கிளைகள் உண்டு. ஜே கிளையில் என்.என்.டி. என்ற மைட்டோகாண்ட்ரியா நொதி பழுது. பாரசிட்டமாலுக்கு இரண்டும் ஒன்றுபோல நடப்பதில்லை. ஜீன் நீக்கிய விலங்கு ஒரு கிளை, ஒப்பீட்டு விலங்கு மற்றொரு கிளை என்று வாங்கிவிட்டு, வந்த வித்தியாசத்தை ஜீனின் கணக்கில் எழுதியவர்கள் உண்டு. ஓபி ஆண்-பெண் இரண்டுமே மலடு என்பதால் பிறழ்ந்த ஜீனின் ஒற்றைப் பிரதி மட்டும் உள்ள பெற்றோரை இணைத்துத்தான் பெருக்க வேண்டும். நான்கில் ஒன்றுதான் ஓபியாகப் பிறக்கும். ஏறத்தாழ 4 வாரத்தில் கண்ணுக்கே தெரியும். அதற்கு முன் தெரிய வேண்டுமென்றால், அந்தப் பிறழ்வு டிடிஇ-1 கத்தரி நொதிக்கு ஒரு வெட்டிடம் உண்டாக்குவதால் பி.சி.ஆர். செய்து வெட்டிப் பார்க்கலாம். ஒரே ஈற்றின் ஒல்லிகளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விலங்கு ஒன்றைத் தொடுவதற்கு முன் நிறுவன விலங்கு நெறிக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். எடை 15 முதல் 20 விழுக்காடு இறங்கினால் வலியின்றி முடித்துவிடுவது என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். 'கொழுத்தது செத்துப்போகிறது' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த எல்லை உங்கள் திட்டத்தில் இல்லையோ என்று தோன்றுகிறது.

கேள்வி: கொழுப்புச் செல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான அடிபோனெக்டினின் ஊசி கல்லீரலைக் காத்தது என்று எங்கள் ஆய்வில் வந்தது. புதிய தொகுதி வாங்கியதும் அந்தப் பலன் காணாமல் போய்விட்டது. எங்கே தவறு?
(உயிர்வேதியியல் ஆய்வாளர், பெங்களூரு)

தவறு எந்தத் தொகுதியில் என்று இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எல்.பி.எஸ். கலப்படம்.

உங்கள் புரதம் ஈ-கோலை பாக்டீரியாவில் செய்ததாக இருந்தால், பாக்டீரியாவின் மேலுறை நச்சும் கூடவே வரும். மைக்ரோகிராமுக்கு 1 அலகுக்குக் கீழ் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 50 மைக்ரோகிராம் கொடுத்தால் 50 அலகு வரை, அதாவது ஏறத்தாழ 5 நானோகிராம் எல்.பி.எஸ். உள்ளே போகலாம். நீங்கள் காலக்டோசமின் சேர்த்த எல்.பி.எஸ். முறையைப் பயன்படுத்தினால் (காலக்டோசமின் கிலோவுக்கு 700 முதல் 800 மி.கி.), சுண்டெலி எல்.பி.எஸ்.ஸுக்குப் பல ஆயிரம் மடங்கு கூருணர்வு பெற்றுவிடும். நானோகிராமும் கணக்கில் வரும். இதைவிடக் குறும்பான சங்கதி இன்னொன்று. முந்தின நாள் சிறிதளவு எல்.பி.எஸ். பட்ட விலங்குக்கு மறுநாள் பெரிய அளவைத் தாங்கும் பழக்கம் வந்துவிடும். ஆகவே அழுக்கான அடிபோனெக்டினை முன்கூட்டிக் கொடுத்தால் அது 'காப்பாற்றும்'. சுத்தமான தொகுதி வந்ததும் காப்பாற்றாது. உங்கள் கதை அப்படியே பொருந்துகிறது.

சோதிக்க எளிய வழி, புரதத்தில் ஒரு பங்கை எடுத்து நன்றாகக் கொதிக்கவைத்து ஒரு குழுவுக்குக் கொடுங்கள். புரதம் கெடும், எல்.பி.எஸ். கெடாது. கொதித்ததும் காப்பாற்றினால் காப்பாற்றியது அடிபோனெக்டின் அல்ல. எல்.பி.எஸ். அளவைக் காட்டும் லிமுலஸ் சோதனையை, அதாவது குதிரைலாட நண்டின் இரத்தச் செல் சாற்றைக் கொண்டு செய்வதை, தொகுதி வந்த நாளிலேயே நீங்களே செய்துகொள்ளுங்கள். அட்டையை நம்ப வேண்டாம்.

கலப்படம் இல்லை என்று தெரிந்த பிறகு வடிவத்தைப் பாருங்கள். அடிபோனெக்டின் மும்மூன்றாகவும், ஆறாறாகவும், அதற்கும் மேல் பெருந்திரளாகவும் சேர்ந்து சுற்றும். கல்லீரலைப் பொறுத்தவரை பெருந்திரளுக்கு மதிப்பு அதிகம். அந்தத் திரள் அமைய லைசின்களில் ஹைட்ராக்சிலும் சர்க்கரையும் ஏற வேண்டும். ஈ-கோலைக்கு அந்த வேலை தெரியாது. பாலூட்டிச் செல்லில் செய்த புரதம் வாங்குங்கள், விலை அதிகமானாலும். வந்ததும் கொதிக்கவைக்காமலும், புரதப் பிணைப்புகளை அவிழ்க்கும் டி.டி.டி. சேர்க்காமலும் ஜெல்லில் ஓட்டித் திரள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மறுபடி மறுபடி உறையவைத்து உருக்கினால் இருக்கிற திரளும் உடையும். ஒரு நாளைக்கு வேண்டியதைத் தனித்தனிக் குப்பியில் பிரித்து வையுங்கள்.

அளவு பற்றியும் ஒரு கணக்கு. 25 கிராம் சுண்டெலியில் பிளாஸ்மா ஏறத்தாழ 1 மி.லி. அடிபோனெக்டின் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்தால் மொத்த இருப்பே 10 மைக்ரோகிராம்தான். அரையாயுள் ஏறத்தாழ 75 நிமிடம். 1 மைக்ரோகிராம் ஊசி போட்டு மறுநாள் பலன் தேடுவது கடலில் பெருங்காயம் கரைத்த கதை. அதனால்தான் பலர் வைரஸ் வழியாகக் கல்லீரலையே சுரக்கவைக்கிறார்கள். ஒசாகா பல்கலைக்கழகத்தார் 2003இல் அடிபோனெக்டின் ஜீனை நீக்கிய சுண்டெலியில் கார்பன் டெட்ராகுளோரைடு தழும்பு கூடுவதையும், அடினோவைரஸ் வழி கொடுத்தால் குறைவதையும் காட்டியது இப்படித்தான். அந்த ஆண்டிலேயே மதுவாலும் பருமனாலும் கொழுப்பேறிய சுண்டெலிக் கல்லீரலை இந்த ஹார்மோன் சீராக்குவதாகவும் முடிவு வந்தது: கொழுப்பை எரிக்கும் பாதை கூடியது, புதிதாகச் செய்யும் பாதை அடங்கியது, டி.என்.எஃப். இறங்கியது.

நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் எலைசா சோதனையில் லெப்டினும் அடிபோனெக்டினும் ஒரே தட்டில் உட்காராது. லெப்டின் மி.லி.க்கு நானோகிராம், அடிபோனெக்டின் மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். அடிபோனெக்டினுக்குச் சீரத்தைச் சில ஆயிரம் மடங்கு நீர்க்காமல் போட்டால் எல்லாக் குழியும் ஒரே மஞ்சளாக வந்து, 'குழுக்களிடையே வித்தியாசம் இல்லை' என்று எழுதவைத்துவிடும். பெண் சுண்டெலிக்கு ஆணைவிட அடிபோனெக்டின் அதிகம் என்பதையும் மறவாதீர்கள். பாலினங்களைக் கலக்க வேண்டாம்.

கேள்வி: ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்றும், எஸ்.ஜி.பி.டி. 68 என்றும் வந்தது. அடிபோனெக்டினைக் கூட்டும் மாத்திரை என்று விளம்பரம் பார்க்கிறேன். வாங்கலாமா ஐயா?
(வாசகர், மதுரை)

வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் எஸ்.ஜி.பி.டி.தான் மேலே வரும் ஏ.எல்.டி. கல்லீரல் நோய்க்கென அடிபோனெக்டின் மருந்து எதுவும் மனிதருக்கு அனுமதிக்கப்படவில்லை. அடிபோனெக்டினை உயர்த்தும் பயோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மாத்திரை உண்டு; எடையும் உடலில் நீரும் கூட்டும் என்பதால் அது மருத்துவர் முடிவு. உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் கொழுப்பும் அழற்சியும் இறங்குவது மனிதரிலேயே உறுதியான சங்கதி, அடிபோனெக்டினும் கூடவே ஏறும். 80 கிலோ இருந்தால் 6 முதல் 8 கிலோ. சர்க்கரை, ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றையும் பார்த்தாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

விளம்பரக்காரர்கள் சொல்லாத ஒன்று: கல்லீரல் சுருங்கிச் சிரோசிஸ் ஆனவர்களுக்கு இரத்தத்தில் அடிபோனெக்டின் அதிகமாகவே இருக்கும். அதை இரத்தத்திலிருந்து அகற்றுவதே பெரும்பாலும் கல்லீரல்தான். அகற்றுபவர் படுத்துவிட்டால் தேங்கத்தானே செய்யும். எண் கூடினால் நலம் என்று அர்த்தமில்லை.

லெப்டின் மருந்து இருக்கிறது. மெட்ரெலெப்டின் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் உடல் முழுக்கக் கொழுப்புத் திசுவே இல்லாத லிப்போடிஸ்ட்ரோஃபி என்ற அரிய நோய்க்கு. அவர்களுக்குச் சேமிக்க இடமில்லாமல் கொழுப்பு கல்லீரலில் குவியும். லெப்டின் கொடுத்தால் குறையும். சாதாரணப் பருமனில் லெப்டின் ஏற்கெனவே கூடுதல், உடல்தான் அதைக் கேட்பதில்லை.

கேள்வி: கொழுப்பேறிய கல்லீரலை உண்டாக்க எந்த உணவு சிறந்தது? மெத்தியோனின், கோலின் என்ற சத்துகள் இல்லாத உணவு விரைவாக வேலை செய்கிறதே?
(மருந்தாளுநர் பட்டதாரி, கோயம்புத்தூர்)

விரைவுதான். சில வாரத்தில் கொழுப்பும் அழற்சியும், 8 வார அளவில் சாதாரணச் சுண்டெலிக்குத் தழும்பும் வந்துவிடும். ஆனால் விலங்கு இளைத்துப் போகும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போவதும் உண்டு. இன்சுலினும் லெப்டினும் இறங்கும். பருமனால் வரும் மனித நோய்க்கு நேர்மாறான ஹார்மோன் சூழல். கொழுப்பு ஹார்மோன்களை ஆராய இதைத் தேர்ந்தெடுப்பது, மழையைப் பற்றி எழுதக் கோடையில் உட்கார்வது.

60 விழுக்காடு கலோரி கொழுப்பிலிருந்து வரும் உணவை 16 வாரம் கொடுத்தால் பருமன், உயர்ந்த லெப்டின், தாழ்ந்த அடிபோனெக்டின், கொழுப்பேறிய கல்லீரல் எல்லாம் மனிதரைப் போலவே வரும். தழும்புதான் அநேகமாக வராது. கொழுப்போடு ஃப்ரக்டோஸும் 2 விழுக்காடு கொலஸ்ட்ராலும் சேர்த்த உணவில் 24 வாரத்துக்கு மேல் காத்திருந்தால் வரும். அந்த உணவை ஓபிக்கே கொடுத்தால் இன்னும் சீக்கிரம் வரும். ஆம், முதல் பதிலில் தழும்பு விழாது என்ற அதே ஓபிக்குத்தான். லெப்டின் இல்லாமை தழும்புக்கு வேகத்தடை, சுவர் அல்ல. கொலஸ்ட்ரால் குவிந்து செல்கள் ஓயாமல் செத்துக்கொண்டிருந்தால் ஸ்டெல்லேட் செல்லுக்கு வேறு வழியிலும் கட்டளை போய்ச் சேரும். டிபி சுண்டெலிக்கு மெத்தியோனின்-கோலின் இல்லாத உணவில் ஓபியைவிடத் தழும்பு கூடுதலாக விழுந்ததைக் காட்டிய ஆய்வும் உண்டு. டிபியில் பழுதானது நீளமான ஏற்பி மட்டும். குட்டை வடிவங்கள் மிச்சம் இருக்கின்றன, லெப்டினும் வெள்ளமாக ஓடுகிறது.

அறை வெப்பம் இன்னொரு காரணம். 22 டிகிரி நமக்குச் சுகம், சுண்டெலிக்குக் குளிர். தின்றதில் பெரும்பங்கை உடலைச் சூடாக்கவே எரித்துவிடும். 30 டிகிரியில் வளர்த்தால் அதே உணவுக்குக் கல்லீரல் நோய் முற்றுகிறது என்று 2017இல் காட்டினார்கள்.

கேள்வி: கொழுப்புத் திசுவோடு சேர்த்துப் பேசப்படும் ரெசிஸ்டின், விஸ்ஃபாட்டின் என்ற புரதங்கள் இரண்டையும் சேர்த்து அளக்கலாமா?
(அதே மருந்தாளுநர் பட்டதாரி, கோயம்புத்தூர்)

ரெசிஸ்டினைச் சுண்டெலியில் கொழுப்புச் செல் சுரக்கிறது. மனிதரில் பெரும்பாலும் மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள். சுண்டெலி முடிவை மனிதர் மேல் போர்த்த முடியாது. விஸ்ஃபாட்டின் இன்சுலின் ஏற்பியைத் தூண்டும் என்று 2005இல் வந்த கட்டுரை 2007இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் புரதம் உண்மையில், செல்லின் ஆற்றல் வேலைக்கு வேண்டிய என்.ஏ.டி. மூலக்கூறைத் தயாரிக்கும் நொதி. காசு குறைவென்றால் இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நம் நாட்டில் தோன்றிய பருமன் எலி எதுவும் உண்டா?
(ஆசிரியர், உதகை)

உண்டு, உங்கள் பக்கத்து ஊரோடு உறவும் உண்டு. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அங்கே தலைமுறை தலைமுறையாக உள்ளினமாகவே பெருக்கிவந்த விஸ்டார் எலிக் கூட்டத்தில் பருமனான பிறழ்வு ஒன்று தோன்றியது. 1996இல் அதைப் பற்றி எழுதினார்கள். பெயர் டபிள்யூ.என்.ஐ.என்./ஓபி. பெயரில் ஓபி இருப்பதால் ஏமாறாதீர்கள். இதற்கு லெப்டின் குறைவு இல்லை, மிகை. உடல் அதைக் கேட்பதில்லை.

கேள்வி: ஏ.எல்.டி. ஒரே குழுவுக்குள்ளேயே 400, 9,000 என்று தாறுமாறாக வருகிறது. எந்த விலங்கை நீக்கலாம்?
(தொழில்நுட்பப் பணியாளர், வேலூர்)

எதையும் நீக்காதீர்கள், மாதிரியைப் பாருங்கள். சீரம் சிவந்திருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. அதனால் சிவப்பணுவிலும் உள்ள ஏ.எஸ்.டி., எல்.டி.எச். நொதிகளின் எண் பெரிதும் கெடும், ஏ.எல்.டி. அவ்வளவு கெடாது. மிகக் கூடுதலான மாதிரியை நீர்க்காமல் ஓட்டினால் வினைபடுபொருள் நொடியில் தீர்ந்து, எண் குறைவாகக் காட்டும். உங்கள் 400 உண்மையில் 12,000ஆக இருக்கலாம். காயப்பட்ட விலங்கின் சீரத்தை 10 மடங்கும் 50 மடங்கும் நீர்த்து ஓட்டுங்கள். பெருக்கி வரும் இரு எண்களும் ஒத்துப்போனால் நம்பலாம். அதோடு ஊசி எங்கே இறங்கியது என்பதும் பார்க்க வேண்டியது: வயிற்றறைக்குப் பதில் குடலுக்குள்ளோ தோலடிக் கொழுப்புக்குள்ளோ போன நச்சு கல்லீரலைச் சரியாகத் தொடாது, ஓபியில் இது அடிக்கடி நடக்கும். தலை சற்றுக் கீழே இருக்கும்படி பிடித்து, அடிவயிற்றின் வலப்பக்கம் ஊசியை இறக்கி, லேசாகப் பின்னிழுத்துப் பார்த்து, எதுவும் வராவிட்டால் மட்டும் செலுத்துங்கள். திசு வெட்டும்போது எல்லா விலங்கிலும் ஒரே மடலை எடுங்கள். யார் எந்தக் குழு என்று தெரியாதவரைக் கொண்டு எண்ணவையுங்கள்.